தீனி டப்பா

கிழக்குப் பார்த்த ஜன்னல். எட்டரை மணி வெயில் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து இரண்டடி மீன் தொட்டியின் மேல் நேராக விழுகிறது. கண்ணாடி முழுக்கப் பச்சை. மோலிகள் கண்ணாடியை ஒட்டி வந்தால்தான் உள்ளே மீன் இருப்பதே தெரிகிறது. பாசியின்மேல் குண்டூசித் தலையளவுக் குமிழிகள் பூத்து, ஒவ்வொன்றாகக் கழன்று மேலே போகின்றன.

கொளத்தூரிலிருந்து தொட்டி சுத்தம் செய்ய வந்தவர் இன்னும் அதைத் தொடவில்லை. ஜன்னலைப் பார்க்கிறார். விளக்கின் சுவிட்சைப் பார்க்கிறார். தொட்டி மூடிமேல் இருக்கும் தீனி டப்பாவை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்க்கிறார்.

"லைட்டை எப்ப சார் அணைப்பீங்க?"

"அணைக்கறதில்லண்ணே. ராத்திரி ஹால்ல வெளிச்சம் இருக்கட்டுமேன்னு…"

"தீனி யாரு போடறது?"

"நான்தான், காலையில."

"மத்தியானம் நானும் ஒரு சிட்டிகை போடுவேன்" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல். பேப்பருக்குப் பின்னால் தாத்தா இருமுகிறார். "தாத்தா மூணு வேளையும் போடுவாரு" என்று போட்டுக்கொடுக்கிறாள் பேத்தி.

கொளத்தூர்க்காரர் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்கிறார்.

"மொத்தத் தண்ணியையும் கொட்டிட்டு பளிச்சுனு பண்ணிடுங்கண்ணே."

தலையசைக்கிறார். அது சம்மதமா மறுப்பா என்று புரியவில்லை. பையிலிருந்து காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்று வெளியே வருகிறது. அதன் விளிம்பைக் கண்ணாடியில் சாய்த்து மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. மெல்லிய பாசி சுருண்டு ஏடாக உரிகிறது. வட்டப் புள்ளிகளாகக் கெட்டித்துப்போனவை மட்டும் அடம்பிடிக்கின்றன. அவற்றுக்குத் தனியாக நாலு சுரண்டல். முன்பக்கமும் பக்கவாட்டும் முடிகின்றன. பின்கண்ணாடியில் கை வைக்கவில்லை.

"அது இருக்கட்டும் சார், மோலி கொறிக்கும்."

இலையோரத்தில் கறுப்புத் தாடியாய்த் தொங்கும் பாசியை உருவிப் பார்க்கிறார். வரவில்லை. இலையையே கிள்ளி எறிகிறார்.

குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து ஓர் உறிஞ்சல். கூழாங்கற்களுக்கு அடியிலிருந்து பழுப்புக் குழம்பு ஏறி வருகிறது. தின்னாமல் விட்ட தீனி, மீன் கழிவு, அழுகிய இலை. இதில் கிளம்பும் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுகிறது. அதுவும் வெயிலும் அணையாத விளக்கும் போதும், பாசிக்கு விருந்து. மூன்றில் ஒரு பங்கு வடிந்ததும் குழாயை எடுத்துவிடுகிறார். பக்கெட்டில் பிடித்த பழைய தண்ணீரிலேயே பில்டர் பஞ்சை இரண்டு பிழி பிழிகிறார்.

"பைப் தண்ணியில கழுவக்கூடாதாண்ணே?"

"குளோரின் பட்டா பஞ்சுல இருக்கிற நல்ல கிருமி செத்துடும் சார். அதுதான் உங்க தொட்டியைக் காப்பாத்திக்கிட்டு இருக்கு."

பக்கெட் பால்கனிக்குப் போகிறது. துளசிக்குப் பாதி, செம்பருத்திக்குப் பாதி. நேற்றே பிடித்து வைத்த தண்ணீர் தொட்டிக்குள் மெதுவாக இறங்குகிறது.

வீட்டுக்காரருக்குத் திருப்தியில்லை. "டேங்க் கிளீனர் மீன் ஒண்ணு விட்டா எல்லாத்தையும் தின்னுடுமாமே?"

கொளத்தூர்க்காரர் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை காட்டுகிறார். "இவ்ளோ வளரும் சார். வளர்ந்துட்டா பாசியை விட்டுட்டுத் தீனிக்கு வந்துடும். அப்புறம் இடம் பத்தலைன்னு ஏரியில கொண்டு விடுவீங்க."

வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. தென் அமெரிக்க ஆறுகளுக்குச் சொந்தமான அந்த மீன் நம் ஊர் ஏரிகளில் வலைக்கு வலை சிக்குவது இப்படித்தான்.

"மருந்து?"

"ஊத்தினா பாசி சாகும். செத்தது உள்ளயே அழுகும். மீன் மேல வந்து வாயைப் பிளக்கும்."

ஜன்னலுக்குத் திரை. விளக்கு மதியம் ஒரு மணிக்குப் போட்டு இரவு எட்டுக்கு அணைக்க வேண்டும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்ற வேண்டும். சொல்லிக்கொண்டே கையைத் துடைக்கிறார். பணத்தை எண்ணாமல் பையில் போடுகிறார். செருப்பை மாட்டப் போனவர் திரும்பி வந்து, தீனி டப்பாவை எடுத்துச் சிறுமியின் கையில் வைக்கிறார்.

"இனிமே நீ மட்டும்தான் போடணும் பாப்பா. ரெண்டு நிமிஷத்துல தின்னு தீர்க்கிற அளவுதான்."

லிப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டதும் பேப்பர் இறங்குகிறது.

"சாயங்காலம் மட்டும் தாத்தாவுக்கு ஒரு தடவை குடுடா கண்ணு."

"தர்றேன் தாத்தா. ஆனா நான்தான் அளந்து குடுப்பேன்."