நாவல்களுக்குப் பின்னால் ஒரு புட்டி

மணமாகி நான்காம் ஆண்டில்தான் என்னையும் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு மருத்துவருக்குத் தோன்றியது. அதுவரை இரத்தம் கொடுத்ததும், ஸ்கேன் அறை வாசல்களில் காத்திருந்ததும், அரசமரத்தைச் சுற்றியதும், "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்விக்குத் தலைகுனிந்ததும் என் மனைவி மட்டுமே.

முடிவு வந்தது. மில்லிலிட்டருக்கு 90 இலட்சம் விந்தணுக்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேடு தரும் கீழ்வரம்பு 1 கோடியே 60 இலட்சம். துத்தநாகம், செலினியம், வைட்டமின் சி, ஈ, ஃபோலிக் அமிலம் எல்லாம் சேர்ந்த மாத்திரைகளை எழுதித் தந்தார் மருத்துவர். விந்தணுவின் மேற்சவ்வில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் மிகுதி. ஆக்சிஜனேற்றம் அதை எளிதில் சிதைத்துவிடும். மாத்திரைகள் அதைத் தடுக்கும் என்றார். விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகுமாம். அதுவரை பொறுத்திருக்க வேண்டும்.

தர்க்கம் அழகாக இருந்தது. புட்டியை அலமாரியில் தடித்த நாவல்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். மனைவிக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. கேள்விகள் வழக்கம்போல மனைவியிடமே போயின. மூன்று மாதம் ஒன்பதாயிற்று.

பிறகுதான் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் நடந்து 2020இல் வெளியான ஆய்வு ஒன்றில் 2,370 ஆண்கள். ஒரு பாதியினருக்கு ஆறு மாதம் நாள்தோறும் 30 மில்லிகிராம் துத்தநாகமும் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும். மறுபாதியினருக்கு வெற்று மாத்திரை. குழந்தை பிறந்தது முதல் குழுவில் 34 விழுக்காட்டினருக்கு, இரண்டாவதில் 35. மாத்திரை உண்டவர்களின் விந்தணுக்களில் டிஎன்ஏ முறிவு சற்று அதிகமாகவும் இருந்தது. வைட்டமின் சி, ஈ, செலினியம் கலந்த மாத்திரையைக் கொண்டு நடந்து அதே ஆண்டு வெளியான வேறோர் ஆய்விலும் பலன் தென்படவில்லை. சிறிய ஆய்வுகள் சில நம்பிக்கை தருகின்றன, உறுதி தரவில்லை. நாம் அழிக்க முனையும் ஆக்சிஜனேற்றிகள் சிறிதளவு இருந்தால்தான் விந்தணு கருமுட்டையைத் துளைக்கும் ஆற்றல் பெறும் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

இரண்டாவது மருத்துவர் முதலில் உடலைத் தொட்டுப் பார்த்தார். விதைப்பை நாளங்கள் புடைத்திருந்தன, வெரிகோசீல். முதல் நாளே செய்திருக்கக்கூடிய சோதனை. மனைவிக்கு அப்போது வயது 35. அந்த வயதில் ஒன்பது மாதம் சிறிதன்று.

மருத்துவரை மட்டும் நோவானேன்? மறுபரிசோதனைக்குப் போகாமலிருந்தவன் நான். புட்டி தீரும்வரை அம்மாவிடம் எதுவும் சொல்லத் தேவையில்லை என்பதே அம்மாத்திரைகள் எனக்குச் செய்த உதவி.

அன்றிரவு சொன்னேன். அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு எழுந்து, சமையலறையில் நின்றிருந்த மருமகளின் அருகே போய் நின்றுகொண்டாள்.