எந்தப் பச்சை?

ஜூன் மாதம் தென்காசிக்குப் போயிருந்தேன். சாரல் ஆரம்பித்துவிட்டது. காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் காற்று ஆளைத் தள்ளியது.

சித்தி வீட்டில் தங்கல். க்ளாக்கோமாவில் சித்திக்குப் பார்வை போய் நாலு வருஷம். மறுநாள் ஒரு கல்யாணம். மருமகள் புதுசாக வாங்கித் தந்த பட்டை நீட்டி, ‘‘இது என்ன கலருல?’’ என்றாள்.

‘‘பச்சை.’’

‘‘எந்தப் பச்சைன்னு கேட்டேன்.’’

முழித்தேன். இன்ஜினீயரிங் படிக்கும் பேரன், ‘‘இரு ஆச்சி, செல்போனையே சொல்ல வைக்கேன்’’ என்று லேப்டாப்பைத் திறந்தான்.

பெரிய வித்தையில்லை. கேமராவுக்கு நிறம் என்பது மூன்று எண்கள். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். ஆனால், பிரவுசர்களுக்குத் தெரிந்த இங்கிலீஷ் பெயர்கள் வெறும் 148. ‘கிரே’யை இரண்டு ஸ்பெல்லிங்கில் எழுதுவதையும் சேர்த்து! எனவே, கிட்டத்தில் உள்ள பெயரைத் தேட வேண்டும். பள்ளிக்கூடத்து பிதாகரஸ் போதும். சிவப்புக்கும் சிவப்புக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்துங்கள். மற்ற இரண்டுக்கும் அப்படியே செய்து கூட்டுங்கள். எந்தப் பெயருக்குக் கூட்டுத்தொகை குறைவோ, அதுதான் விடை. நம் கண் இப்படி அளப்பதில்லை என்பதால், 1976-ல் சி.ஐ.ஈ. என்ற சர்வதேச ஒளி அமைப்பு ‘லேப்’ என்று வேறு அளவுகோல் தந்தது. பேரன் அதையும் போட்டான்.

செல்போன் சொன்னது: ‘‘மீடியம் சீ கிரீன்.’’

‘‘தென்காசியில கடல் எங்கல கெடக்கு?’’ என்றாள் சித்தி.

நியாயம்தான். அந்தப் பட்டியலில் பெரும்பகுதி 1980-களில் அமெரிக்காவில் எக்ஸ் விண்டோ என்ற மென்பொருளுக்காகச் சேர்ந்தது. ‘பப்பாயா விப்’ உண்டு. ‘டார்க் கிரே’, ‘கிரே’யைவிட வெளுப்பு! 2014-ல் சேர்ந்த ‘ரெபெக்கா பர்ப்பிள்’, எரிக் மேயர் என்ற வெப் நிபுணரின் மகள் நினைவாக வைத்தது. ஆறாவது பிறந்தநாளன்று இறந்துபோன குழந்தை. ஒவ்வொரு பெயரும் யாரோ ஒருவருடைய ஞாபகம்.

அப்படியானால் சித்தியின் ஞாபகம்?

பீரோவிலிருந்த பழைய புடவைகள் வெளியே வந்தன. ஜரிகையைத் தடவிப் பார்த்தே, ‘‘இது அரக்கு... இது வாடாமல்லி... இது ராமர் பச்சை’’ என்று சித்தி சொல்லச் சொல்ல, பேரன் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து எண்களைக் குறித்துக்கொண்டான். மயில் கழுத்துக்கு மட்டும் திருப்பத் திருப்ப வேறு வேறு எண். பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறம். ‘‘ரெண்டையும் எழுதிக்க’’ என்றாள். மொத்தம் இருபத்து மூன்று புடவைகள். பார்வையில்லாதவர் கம்ப்யூட்டருக்கு நிறம் சொல்லிக் கொடுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

புதுப் பட்டை மறுபடி காட்டினோம். ‘‘ராமர் பச்சை.’’

‘‘எங்க அம்மைக்குப் பிடிச்ச கலரு’’ என்று அதையே உடுத்திக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தாள்.

சாயங்காலம் குற்றாலம். பேரருவியைப் பார்த்து செல்போனை நீட்டிய பேரன் சிரித்தான். ‘‘அருவியைச் சந்தனக் கலருங்குது ஆச்சி.’’

‘‘பாவம், அது என்ன செய்யும்? எங்கிட்ட வெள்ளைப் புடவை இல்லையேல’’ என்றாள் சித்தி. ‘‘உன் துண்டைக் காட்டிச் சொல்லிக் குடு.’’