கணினிக்கும் ஒரு சேஞ்ச் ஓவர்

எங்கள் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். கிணற்றில் ஒரு மோட்டார், போரில் ஒரு மோட்டார். கரண்ட் சர்வீஸ் ஒன்றுதான். நடுவில் ஒரு சேஞ்ச் ஓவர் இருக்கும். கைப்பிடியை மேலே தள்ளினால் கிணறு ஓடும், கீழே இழுத்தால் போர் ஓடும். போன வருடம் என் மேசையில் இரண்டு கணினிகளுக்கு நடுவே அப்படி ஒன்றை வைத்தேன். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

இதற்கு கேவிஎம் ஸ்விட்ச் என்று பெயர். கீபோர்டு, வீடியோ, மவுஸ் ஆகிய மூன்றின் முதலெழுத்து. உள்ளங்கை அளவுப் பெட்டி. கீபோர்டு, மவுஸ், திரை மூன்றையும் அதில் செருகிவிட வேண்டும். அதிலிருந்து இரண்டு கணினிக்கும் தனித்தனியாக வயர் போகும். பொத்தானை அழுத்தினால் திரையும் கீபோர்டும் இந்தக் கணினிக்கு, மறுபடி அழுத்தினால் அந்தக் கணினிக்கு.

வயதான காலத்தில் எதற்கு இரண்டு கணினி என்று நீங்கள் கேட்கலாம். வீட்டிலும் அதையேதான் கேட்டார்கள்.

ஒன்று 2003இல் வாங்கியது. விண்டோஸ் எக்ஸ்பி. 2014 வரை நான் எழுதிய 164 கட்டுரைகள் அதில் இருக்கின்றன. பெரும்பாலும் ஊர்ப் பெரியவர்கள் திண்ணையிலும் களத்திலும் உட்கார்ந்து சொன்னவை. பஞ்சம், ஏரி, சந்தை, மாடு பிடித்துப் போன கதை, ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வருவதற்கு முன்னால் உப்புக் கிணற்றுக்கு நடந்த கதை. சொன்னவர்களில் இன்று இருப்பது இரண்டே பேர்.

அவற்றை அந்தக் காலத்து டிடிபி மென்பொருள் ஒன்றில் தட்டச்சு செய்திருந்தேன். அன்று தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு அரசு டாம், டாப் என்று இரண்டு முறைகளை வகுத்தது. 2010இல் யூனிகோடை ஏற்றது. நடுவில் தட்டச்சு செய்த நம்மைப் போன்றவர்கள் நட்டாற்றில் நின்றோம். என் மென்பொருள் புதிய விண்டோஸில் ஏறவே இல்லை. கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போனால் அங்கே திறக்காது.

இரண்டாவது, மகன் பெங்களூரிலிருந்து வாங்கி அனுப்பிய சின்னக் கணினி. அவன் போனில் சொன்னான்: "அப்பா, அந்தப் பழைய பெட்டியத் தூக்கிப் போடுங்கப்பா. எழுத்து மாத்தித் தர கன்வெர்ட்டர் இருக்கு. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திடலாம்."

பக்கத்து வீட்டுப் பையன், கல்லூரியில் படிப்பவன், வந்து உட்கார்ந்தான். பழைய கணினியில் கட்டுரைகளை வெறும் எழுத்தாகச் சேமித்து, புதியதில் கன்வெர்ட்டரில் போட்டான். ஒரு மாலைக்குள் 164ம் முடிந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் என் பெரியம்மா சொன்ன ஒரு விஷயம் தேவைப்பட்டது. நான் பிறந்த வருடம் மழை இல்லை, வெள்ளாமை இல்லை. என் அம்மா எப்படி இருந்தாள் என்று விவரமாகச் சொல்லியிருந்தார்கள். "உங்கம்மா பங்குக் களிய உனக்கு அண்ணனுக்கு வெச்சிட்டு, நீத்தண்ணியக் குடிச்சிட்டுக் களையெடுக்கப் போவா கண்ணு" என்று சொன்னது நினைவிருந்தது. எந்தக் கட்டுரை என்று தெரியவில்லை. 'வெள்ளாமை' என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை என்றது கணினி.

164 கட்டுரையில் வெள்ளாமை இல்லையா? நம் ஊரில் அந்தச் சொல் இல்லாமல் ஒரு பெரியவரும் வாயைத் திறக்க மாட்டாரே!

ஒரு கட்டுரையைத் திறந்து நிதானமாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பழைய எழுத்துருவில் 'ள' என்ற எழுத்துக்கும், 'கௌ' என்பதில் பின்னால் வரும் குறிக்கும் ஒரே வடிவம். கன்வெர்ட்டர் ஒற்றைக் கொம்பும் 'ள'வும் வந்த இடத்திலெல்லாம் இரண்டையும் சேர்த்து 'வௌ' என்று ஆக்கிவிட்டது. வெள்ளாமை, வெளியே, வெள்ளம், தெளிவு எல்லாமே உடைந்து, புள்ளியும் கொக்கியும் தனியே தொங்கின. என் கண்ணுக்கு முதலில் அது தூசி மாதிரிதான் தெரிந்தது.

பையனைக் கூப்பிட்டேன். "இதென்ன தாத்தா, தேடி மாத்திடலாம்" என்று எல்லா 'வௌ'வையும் ஒரே தட்டில் 'வெள' ஆக்கினான். வெள்ளாமை திரும்பி வந்தது. ஆனால் வௌவால் போய்விட்டது! ஏரிக்கரை ஆலமரத்து வௌவால்கள் எல்லாம் 'வெ', 'ள' என்று இரண்டு எழுத்தாகப் பிரிந்துவிட்டன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு வேறு வேறு. தேடினால் அகப்படாது.

ஆக, மூலத்தை வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிடுவதைத் தவிர வழியில்லை. மூலம் இருப்பது பழைய கணினியில். அதன் ஹார்டு டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. பழையது திண்ணை அறையில், புதியது கூடத்தில். ஒரு பக்கம் பார்க்க நாலு முறை எழுந்து நடந்தேன். மூன்றாம் நாள் முட்டி பிடித்துக்கொண்டது. "ஏங்க, ரெண்டையும் ஒரே மேசையில வெச்சா என்ன?" என்றாள் மனைவி. இரண்டு திரை வைக்க மேசையில் இடமில்லை. அப்போதுதான் பையன் இந்த ஸ்விட்சைச் சொன்னான்.

நெட்வொர்க்கில் இணைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பார்க்கும் வழியும் உண்டு. ஆனால் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. அதை இணையத்தில் இணைக்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்விட்சுக்கு எந்த நெட்வொர்க்கும் வேண்டாம்.

தருமபுரியில் ஒரு கடையில் இரண்டு கணினிக்கான ஸ்விட்ச் வாங்கினேன். மாட்டுவதில் பட்ட பாட்டை, யாருக்காவது உதவும் என்று எழுதிவைக்கிறேன்.

ஒன்று, பழையதில் விஜிஏ, புதியதில் எச்டிஎம்ஐ. என் ஸ்விட்ச் விஜிஏ வகை. எனவே புதிய கணினிக்கு எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்கும் அடாப்டர் வேண்டும். நான் வாங்கியது விஜிஏவை எச்டிஎம்ஐ ஆக்குவது. பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஒருவழிப் பாதை. திரும்பப் போய் மாற்றிவந்தேன்.

இரண்டு, ஸ்விட்சில் யூஎஸ்பி கீபோர்டுதான் செருக முடியும். பழைய கணினியில் உள்ளே இருந்த வட்டப் பேட்டரி தீர்ந்திருந்ததால், ஒவ்வொரு முறையும் எஃப்1 அழுத்து என்று நிற்கும். அந்த நேரத்தில் யூஎஸ்பி கீபோர்டை அது கண்டுகொள்ளாது. பேட்டரியை மாற்றி, உருண்டை முனை கொண்ட பழைய ஊதாநிறக் கீபோர்டை ஒரு தடவை செருகி, பயாஸில் யூஎஸ்பி கீபோர்டை ஏற்கும்படி வைத்தான் பையன்.

மூன்று, எந்தக் கணினியைப் போடுகிறோமோ, ஸ்விட்ச் அந்தப் பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரை எது என்று தெரியாமல் எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவுக்கு வந்து நிற்கும்.

நான்கு, இங்கே காப்பி செய்து அங்கே ஒட்டலாம் என்று நினைக்காதீர்கள். நான் நினைத்தேன். அதற்குப் பென் டிரைவ்தான். ஸ்விட்ச் ஆளை மாற்றும், சரக்கை மாற்றாது.

அன்றிலிருந்து காலை ஆறு முதல் எட்டு வரை இதுதான் வேலை. பழைய பக்கத்தில் ஒரு பத்தி படிப்பேன். பொத்தானை அழுத்தினால் இரண்டு மூன்று விநாடி திரை இருளும். அந்த இருட்டில் படித்ததை மனதில் பிடித்துக்கொள்வேன். புதிய பக்கம் வந்ததும் சரி பார்ப்பேன். ஒரு நாளைக்கு ஒரு கட்டுரை, சில நாள் அரை.

பெரியம்மா சொன்னது 58ஆவது கட்டுரையில் கிடைத்தது. களி, நீத்தண்ணி, களையெடுப்பு எல்லாம் நான் நினைத்தபடியே இருந்தன. நான் மறந்துபோன ஒரு வரியும் இருந்தது. பசி பொறுக்காமல் ஒரு நாள் அம்மா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். பெரியம்மா தன் தூக்குப் போசியை நீட்டியபோது, "நீ குடி, எனக்குப் பழகிடுச்சு" என்றாளாம். அதற்கு மேல் அன்று வேலை ஓடவில்லை. ஸ்விட்சைப் பழைய பக்கம் வைத்து அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதுவரை 131 முடிந்தது, 33 பாக்கி. டிஸ்க் இன்னும் டிக் டிக் என்கிறது. மகன் இப்போது பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்வதில்லை. "எத்தனை ஆச்சுப்பா?" என்று மட்டும் கேட்கிறான்.

உங்களில் யாராவது அந்தக் காலத்தில் தமிழில் தட்டச்சு செய்து வைத்திருந்தால், இந்த வாரமே பழைய கணினியைத் துடைத்துப் போட்டுப் பாருங்கள். மாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள், மாற்றிய கோப்பில் 'வெள்ளாமை' என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள்.