முன்வரிசைக்காரன்

ஆகஸ்ட் 29

பெங்களூரு மரியன்னை பேராலயத்தில் இன்று திருவிழாக் கொடியேற்றம். இனி செப்டம்பர் 8 வரை சிவாஜிநகர் முழுக்கக் காவி உடுத்திய கூட்டம்தான். ரஸ்ஸல் மார்க்கெட்டைத் தாண்டி ஆட்டோ நகராது. வெளியே போகும் எண்ணத்தை விட்டுவிட்டு, புதிய ஆட்டத்துக்கான கேரக்டர் ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதையாட்டம், ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். எல்லோரும் ஐந்தாம் லெவலில் தொடங்க வேண்டும் என்று ஆட்டத்தை நடத்தும் டி.எம். (டன்ஜன் மாஸ்டர்) அண்ணன் சொல்லியிருக்கிறார். வில்லாளி, மந்திரவாதி, கிளெரிக் (பூசாரி), ரோக் (கள்வன்) என நான்கு இடங்கள் நிரம்பிவிட்டன. எதிரிக்கு முகம் கொடுத்து நிற்க ஆளில்லை. அந்த இடத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பெயர் செம்பன். வாள்வீரன். பலசாலியாகத்தான் செய்யப் போகிறேன். மற்றவர்களை அமுக்கிவிடக் கூடாதே என்று தன் ஆளை வேண்டுமென்றே நோஞ்சானாகச் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பணிவாகாது. முன்வரிசை சரிந்தால் அடுத்த அடி மந்திரவாதியின் தலையில்தான் விழும். பலம் வேண்டும். அந்தப் பலத்தால் மேசையில் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

ஒரு பலசாலி மற்றவர்களை வேலையில்லாமல் ஆக்கிவிடும் சிக்கல் இந்த விளையாட்டு பிறந்த விதத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் இதை வெளியிடுவதற்கு முன், போர் விளையாட்டு என்றால் ஒருவர் ஒரு படையையே நகர்த்துவார். இவர்கள் ஆளுக்கு ஒரே ஒரு பாத்திரம் என்று ஆக்கினார்கள். அந்த ஒருவனுக்கு வேலையில்லாமல் போனால், அவனை வைத்திருப்பவர் அன்று மாலை முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 30

பண்புகளுக்குப் பங்கிட 27 புள்ளிகள். வலிமைக்கு 15, உடல் உறுதிக்கு 15. விலைப்பட்டியல்படி இரண்டுக்குமாக 18 புள்ளி போய்விட்டது. விவேகத்துக்கு 13, சுறுசுறுப்புக்கு 12. அறிவும் கவர்ச்சியும் 8இல் நிற்கின்றன. வேரியன்ட் ஹியூமன் வகை மனிதன் என்பதால் வலிமையிலும் உறுதியிலும் ஒவ்வொன்று கூடி 16. நான்காம் லெவல் மேம்பாட்டையும் சேர்த்தால் வலிமை 18.

அந்த இரண்டு எட்டுகளையும் நான் மனமறிந்துதான் விட்டேன். அரசவையில் பேச வேண்டியவர் கிளெரிக். அந்த அக்கா பேச ஆரம்பித்தால் டி.எம்.மே வாய் பிளந்து கேட்பார். பழைய கல்வெட்டைப் படிக்க மந்திரவாதி இருக்கிறான். பூட்டு, பொறி எல்லாம் ரோக் பாடு. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த வீரன் எல்லோர் வேலையிலும் மூக்கை நுழைப்பான். சண்டையில் பெரிய ஆளாக இருப்பவன், சண்டை முடிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு கேட்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். செம்பனுக்கு அது ஷீட்டிலேயே எழுதியாகிவிட்டது.

செப்டம்பர் 1

இன்றைக்கு முழுக்கக் கணக்கு. கிரேட் வெப்பன் மாஸ்டர் என்ற சிறப்புத்திறனை எடுத்தே ஆக வேண்டும் என்று வில்லாளித் தம்பி போனில் அரை மணி நேரம் வாதாடினான். தாக்கும் வாய்ப்பில் 5 குறையும், பட்டால் சேதத்தில் 10 கூடும். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எதிரியின் கவசம் 15 என்று வைத்துக்கொள்வோம். பெருவாளால் சாதாரணமாக வெட்டினால் 65 சதவீதம் படும், ஒரு வெட்டுக்குச் சராசரி 11. ஐந்தாம் லெவலில் இரண்டு வெட்டு, ஆகச் சுற்றுக்கு 14.3. இந்தத் திறனோடு 40 சதவீதம்தான் படும், ஆனால் வெட்டு 21. சுற்றுக்கு 16.8. பகடையை இரண்டு முறை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளும் சலுகை கிடைத்தால் கிட்டத்தட்ட 27.

அந்தக் கடைசி எண்தான் என்னை யோசிக்க வைத்தது. அந்தச் சலுகை பெரும்பாலும் மற்றவர்கள் கொடுத்துத்தான் வர வேண்டும். மந்திரவாதி தன் மந்திரத்தை எனக்காகச் செலவழிக்க வேண்டும், ரோக் தன் வேலையை விட்டு எனக்கு உதவி செய்ய வேண்டும். நாலு பேர் சேர்ந்து ஒருவனுக்கு எடுபிடி செய்கிற குழுவாகிவிடும்.

அதனால் சென்டினல் எடுத்தேன். என்னைத் தாண்டி ஓடப் பார்க்கிற எதிரியை வெட்டினால், வெட்டு பட்டதும் அவன் அங்கேயே நிற்க வேண்டியதுதான். பக்கத்தில் நின்றுகொண்டு என்னை விட்டுவிட்டு வேறொருவரை அடித்தால் அதற்கும் ஒரு வெட்டு. இதுவும் சேதம்தான், கூடவே வில்லாளிக்கு ஓடாத இலக்கு கிடைக்கிறது.

பிறகு பேட்டில் மாஸ்டர் பிரிவின் உத்திகள். மூன்று எடுக்கலாம். எதிரியைத் தடுக்கி விழவைக்கும் உத்தியைப் பலர் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள். கீழே கிடப்பவனை அருகில் நின்று வெட்டுவது சுலபம், தூரத்திலிருந்து அம்பு விடுவது கடினம். வில்லாளி இருக்கிற குழுவில் அது அவன் வயிற்றில் அடிப்பது. வேண்டாம். நான் எடுத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக். என் இரண்டு வெட்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தால், தோழர் ஒருவர் என் முறையிலேயே ஒரு அடி அடிக்கலாம். எங்கள் ரோக் எதிரிக்கு அருகில் நான் நிற்கும்போது குத்தினால் ஆயுதத்துக்கு 8.5, பதுங்கித் தாக்கும் மூன்று பகடைக்கு 10.5, என் உத்திப் பகடை 4.5. மொத்தம் 23.5. நான் விட்டுக்கொடுப்பது 11. பதுங்கித் தாக்குதல் ஒரு முறைக்கு ஒரு தடவை என்பதுதான் விதி. என் முறையில் ஒன்று, தன் முறையில் ஒன்று என்று ஒரே சுற்றில் இரண்டு தடவை அவளுக்குக் கிடைக்கும். விட்டுக்கொடுப்பதே லாபமாக இருக்கிற இடத்தில் தயங்க என்ன இருக்கிறது?

செப்டம்பர் 3

கவசம் பற்றி ஒரு குறிப்பு மட்டும். கேடயம், மாயப் பொருள் என்று சேர்த்து 21 வரை ஏற்றலாம். ஏற்றினால் என்னைத் தொடுவதற்காகவே +9 அடிக்கும் பூதங்களை டி.எம். கொண்டுவர வேண்டியிருக்கும். அவை என்னை 45 சதவீதம் தொடும். கவசம் 12 உள்ள மந்திரவாதியை 90 சதவீதம் தொடும். என் பாதுகாப்புக்கு அவன் உயிரால் விலை கொடுக்கிற கணக்கு இது. 18இல் நிறுத்திவிட்டேன்.

செப்டம்பர் 4

கமர்ஷியல் ஸ்ட்ரீட் கூட்டத்துக்குப் பயந்து தர்மராஜா கோயில் தெரு வழியாக நடந்தேன். பெங்களூரு தண்டுப் பகுதித் தமிழருக்கு மகாபாரதம் தெருப் பெயரிலேயே இருக்கிறது. நடந்துகொண்டே பீமனை நினைத்தேன். முன்வரிசை வீரனுக்கு அவனைவிடப் பெரிய இலக்கணம் எங்கே கிடைக்கும்?

அரக்கு மாளிகை எரிந்தபோது தாயையும் சகோதரர்களையும் தூக்கிச் சுமந்தவன் அவன். விராட நகரத்தில் ஓராண்டு சமையல்காரனாகக் கரண்டி பிடித்தான். கீசகனை இருட்டில் கொன்றான், கந்தர்வர்கள் கொன்றார்கள் என்று ஊர் பேசியது. பெயர் தனக்கு வரவேண்டும் என்று அவன் நிற்கவில்லை.

குருக்ஷேத்திரத்தில் யார் யாரைக் கொன்றார்கள் என்று பார்த்தால் இன்னும் தெளிவாகிறது. துச்சாதனனும் துரியோதனனும் பீமனுக்கு. கர்ணன் அர்ச்சுனனுக்கு. சகுனி சகாதேவனுக்கு. துரோணர் திருஷ்டத்யும்னனுக்கு. சல்லியனைத் தர்மரே கொன்றார். பீமன் பலத்துக்குச் சகுனி எம்மாத்திரம்? ஆனாலும் அந்தப் பகை சகாதேவனுடையது என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு சொந்தக்காரன் இருக்கிறான். கதை சொல்லத் தெரிந்தவர்கள் இதை எத்தனை காலத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்!

இதே பாரதத்தில் வேர்விட்டதுதான் திகளர்பேட்டைத் தர்மராயர் கோயில் கரகமும். சைத்திர மாதப் பௌர்ணமி நள்ளிரவுக்கு மேல் பூக்கரகம் வெளியே வரும்போது உருவிய வாளோடு வீரகுமாரர்கள் சுற்றி ஓடிவருவார்கள். அத்தனை வாள்களுக்கு நடுவிலும் ஊர் பார்ப்பது கரகத்தைத்தான்.

வீட்டுக்கு வந்ததும் நால்வருக்கும் செய்தி அனுப்பினேன்: உங்கள் பாத்திரத்துக்கு யார் மேல் பகை, யாரிடம் கடன்? ஆட்டத்துக்கு முன்பே தெரிந்தால் என் வாள் எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 7

முதல் ஆட்டம். நடுவில் தெருவிலிருந்து கபாப் வாசனை ஏறி வந்தது, யாரும் எழுந்து போகவில்லை.

சண்டை ஒரு மரப்பாலத்தில். செம்பன் நடுவில் நின்றான். ஓடப் பார்த்த முதல் கூலிப்படையாளை வெட்டி நிறுத்தினேன், வில்லாளி இரண்டே அம்பில் அவனை முடித்தான். என் முறை வருவதற்குள் தாக்கும் பகடையையும் சேதப் பகடையையும் கையில் சேர்த்து வைத்துக்கொள்வேன், ஒன்றாக உருட்டினால் பாதி நேரம் மிச்சம். இரண்டு வெட்டு உள்ளவன் இரண்டு பங்கு நேரம் எடுத்துக்கொண்டால், எண்ணிக்கையில் என்ன சமநிலை செய்தும் பயனில்லை.

படைத்தலைவன் பாலத்தின் முனைக்கு வந்தான். ரோக் ஆடும் பெண் கல்லூரி மாணவி, அதிகம் பேச மாட்டாள். அவள் எனக்கு அனுப்பிய பதில் ஒரே வரி: அப்பாவின் படகைப் பிடுங்கிக்கொண்ட வரிவசூல்காரன். டி.எம். முகத்தைப் பார்த்தேன். ஆள் இவன்தான்.

முதல் வெட்டு பட்டது. அவன் தள்ளாடுவதாக டி.எம். சொன்னார். இன்னொரு வெட்டு என் கையில் இருந்தது.

“இந்த அடி உனக்கும்மா,” என்றேன்.

“அண்ணா, என் டர்ன் இன்னும் வரலையே?”

“என் டர்ன்லயே அடி. கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக்.”

அவள் உருட்டினாள். பட்டது. பகடைகளைக் கூட்டினால் 26. எப்படிக் குத்தினாய் என்று டி.எம். கேட்டார். அவள் எழுந்து நின்று சொன்னாள். படகின் பெயரை அவன் காதில் சொல்லிவிட்டுக் குத்தியதாகச் சொன்னாள். அப்படி அவள் பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

செப்டம்பர் 8

இன்று தேர். பகல் முழுக்கத் தெருவில்தான் இருந்தேன். இரவு வில்லாளித் தம்பி மறுபடி போன் செய்தான். மொத்தச் சேதக் கணக்கில் ரோக் முதலிடம், அவன் இரண்டாமிடம், நான் மூன்றாமிடமாம். வருத்தமா அண்ணா என்று கேட்டான். அந்தப் பாலத்தை ஒருத்தன்கூடக் கடக்கவில்லையே, அந்தக் கணக்கையும் எழுதிக்கொள் என்றேன்.

ஆறாம் லெவலில் வாள்வீரனுக்கு இன்னொரு மேம்பாடு உண்டு. அதற்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டான். வலிமையை 20 ஆக்கப் போகிறேன்.