விரிப்பின் அடியில்

இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. சாலையினின்று சற்று உள்ளே, வண்டிகளுக்குப் பாடி கட்டும் சிறு பட்டறை ஒன்றை நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் நடத்தி வந்தார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, வீடு மந்திரிப்பதற்கு நாள் குறிக்க அவரைத் தேடிச் சென்றோம். வாயிலில் குதிரை ஏற்றும் டிரெய்லர் ஒன்று நின்றது. கிண்டிப் பந்தயத் திடலில் நெடுநாள் உழைத்துக் கைமாறிய வண்டி என்றார்கள். கிண்டியில் 1777ஆம் ஆண்டிலேயே பந்தயம் நடந்ததாக வரலாறு. குளிர்காலத்தில் அங்கும் கோடையில் உதகையிலும் குதிரைகள் ஓடின. அவ்விரு திடல்களின் நிலத்தையும் 2024இல் அரசு தன் வசம் எடுத்துக்கொண்டது.

வண்டிக்காரர் கேட்டது எளிய வேலை. தேய்ந்த அலுமினியத் தரையின் மீதே புதிய செக்கர் பிளேட் ஒன்றை வைத்து ரிவெட் அடித்துவிட வேண்டும்; மறுநாள் காலை வண்டி வேண்டும். நம் பங்கு மனிதரோ மறுத்துக்கொண்டிருந்தார். குருவைக் கண்டால் நியாயம் கேட்பது நம் மக்களின் வழக்கம். நாமும் ஒன்றும் அறியாமலே, "வண்டி அவருடையது, பணமும் அவருடையது, கேட்டபடி செய்து கொடுங்களேன்" என்று தீர்ப்புச் சொன்னோம்.

அவர் பதில் சொல்லவில்லை. தடித்த ரப்பர் விரிப்பை உருவி எறிந்துவிட்டு, நம்மை வண்டியின் அடியில் குனிந்து பார்க்கச் சொன்னார்.

அலுமினியம் அரிபடாது என்றே நாம் எண்ணியிருந்தோம். காற்றுப் பட்டதும் தன்மேல் ஆக்சைடு படலம் ஒன்றைத் தானே போர்த்திக்கொள்ளும் உலோகம் அது; அப்படலமே அதன் காவல். ஆனால் குதிரையின் சிறுநீர் சிதைந்து அம்மோனியாவாகிறது. விரிப்பின் அடியில் அவ்வீரம் உலராமல் தேங்க, அந்தக் காரத்தில் படலம் கரைகிறது. தரை இரும்புச் சட்டத்தின் மேல் நேரே படியும் இடங்களில் கேடு இன்னும் அதிகம்: ஈரம் புகுந்தால் இரண்டு உலோகங்களும் ஒரு மின்கலம் போலாகி, அலுமினியமே அரிபடும். சட்டங்களின் ஓரமெங்கும் வெண்பொடி பூத்திருந்தது. அவர் திருப்புளியை வைத்து மெல்ல அழுத்தினார். அது மறுபுறம் வந்தது.

"ஐந்நூறு கிலோ குதிரை, ஃபாதர். ஓடுற வண்டியில கால் உள்ள போச்சுன்னா ரோட்டுலதான் தேயும். முன்னாடி ஓட்டுறவனுக்குத் தெரியவும் தெரியாது. மேல புதுத் தகடு போட்டா, நாளைக்கு எனக்கே தெரியாது."

வண்டிக்காரரின் முகம் வெளுத்துப்போயிற்று. வண்டியை விட்டுச் சென்றார். அழுகிய தகடுகளை வெட்டி நீக்கி, சட்டங்களைச் சுரண்டிப் பிரைமர் பூசி, இரு உலோகங்களும் தொடாதபடி இடையில் ரப்பர் பட்டை வைத்து, புதுத் தரை போட நான்கு நாள்கள் ஆயின. அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். அதன் படலமோ 2000 பாகைக்கு மேல். ஆகவே எஃகுத் தூரிகையால் தேய்த்த பிறகே வெல்டிங் பிடிக்குமாம்.

குதிரைகளுக்கும் உலோகத் தொழிலாளருக்கும் பாதுகாவலர் ஒருவரே: 7ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் நுவாயோன் ஆயராயிருந்த புனித எலிஜியுஸ். அவர் பொற்கொல்லர். ஓர் அரியணைக்கென அரசன் அளந்து கொடுத்த பொன்னில் இரண்டு செய்து கொடுத்தாராம். குருமடத்தில் இதைப் புன்னகையோடு படித்துக் கடந்தோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. முந்தின திருவிழாவின்போது, பாடகர் குழு நிற்கும் மரமேடை ஓரிடத்தில் அமுங்குவதாக உபதேசியார் இருமுறை சொல்லியிருந்தார். கொடியேற்றத்துக்கு நாள் நெருங்கியிருந்ததால், சிவப்புக் கம்பளம் ஒன்றை வாங்கி விரிக்கச் செய்தோம். அழகாயிருக்கிறதென்று பலரும் பாராட்டினர். அதன்மேல் நின்று பாடியவர் பெரும்பாலும் சிறுவர்.

காலைத் திருப்பலி முடிந்ததும் உபதேசியாரை அழைத்துக்கொண்டு மேடைக்குச் சென்றோம். கம்பளத்தின் ஒரு முனையை அவர் பிடித்தார். மறுமுனையை நாம் பிடித்தோம். மூன்று பலகைகளைக் கறையான் தின்றிருந்தது. அந்த ஞாயிறன்று பிள்ளைகள் தரையில் நின்று பாடினார்கள்.