ஒற்றைப்படை, இரட்டைப்படை
கோள்களைத் தேடும் டெஸ் தொலைநோக்கியின் தரவு எல்லோருக்கும் இலவசம். அதில் ஒரு நட்சத்திரம் மூன்று நாளுக்கு ஒருமுறை லேசாக மங்கியது. நட்சத்திரத்தை ஒட்டியே சுற்றும் சூடான வியாழன்! ஒரு மாசம் எனக்குத் தூக்கமே இல்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன்.

“அங்க ஆளுங்க இருக்காங்களாடா?”

“ஆயிரம் டிகிரிக்கு மேல கொதிக்கும்மா.”

“அப்புறம் எதுக்கு அது?”

பிறகுதான் ஒற்றைப்படை மங்கல்களையும் இரட்டைப்படை மங்கல்களையும் தனித்தனியே அடுக்கிப் பார்த்தேன். ஆழம் வேறு வேறு. ஒரே கோள் என்றால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு ஒளியைத்தான் மறைக்கும். என்னுடையது, ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும் இரண்டு நட்சத்திரங்கள். முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை. செய்யப் பயந்தேன், அவ்வளவுதான்.

தீதியே கெலோ நினைவுக்கு வந்தார். பிரான்சின் ஓட் ப்ரோவான்ஸ் ஆய்வகத்தில் நட்சத்திரங்களைக் கவனித்துக்கொண்டிருந்த அவர் அப்போது முனைவர் பட்ட மாணவர். 51 பெகாசி நட்சத்திரம் 4.2 நாளுக்கு ஒருமுறை முன்னும் பின்னும் ஆடியது. நம் வியாழனுக்கு ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 12 வருஷம். அந்த மாதிரிக் கோள் நாலு நாளில் சுற்றுமா? கருவியில்தான் கோளாறு என்று நினைத்தார். அவரும் மிஷெல் மேயரும் அடுத்த ஆட்டத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிட்டு, நட்சத்திரம் மறுபடி தெரிய 1995 ஜூலை வரை காத்திருந்தார்கள். கணக்குப்படியே ஆடியது. அப்புறமும், 1997இல், அது நட்சத்திரத்தின் சொந்தத் துடிப்பு என்றார் டேவிட் கிரே. மறுவருஷம் அவரே இல்லை என்றார்.

இப்போது இன்னொரு மங்கல் கிடைத்திருக்கிறது. ஒற்றைப்படை, இரட்டைப்படை பார்த்தாயிற்று. ஆழம் ஒன்றுதான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.