தலைநகரில் இரண்டு நாள்



பள்ளி விடுமுறையில் நம் பள்ளியின் முதலாம், இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் 19 பேரை அழைத்துக்கொண்டு நாம் கோலாலம்பூர் சென்று வந்தோம். ஆசிரியர் மூவரும் பெற்றோர் ஐவரும் உடன் வந்தனர்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர் நம்மைக் காண வந்தார். அவர் மகள் இரண்டாம் ஆண்டில் பயில்பவள். "இவ்வளவு சின்னப் பிள்ளைங்களுக்குப் பட்டணம் எதுக்குங்க சார்? பெரிசானா தானா பார்த்துக்கும்" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. "நீங்களும் உடன் வாருங்கள், பிறகு சொல்லுங்கள்" என்றோம். வந்தார்.

இரண்டு நாளும் வாடகைப் பேருந்தே நமக்கு வீடாயிற்று. அரிசி, பருப்பு, அடுப்பு, பாய், மாற்றுடை யாவும் அதிலேயே ஏறின. மலைச்சாலை வளைவுகளில் பிள்ளைகள் சிலர் வாந்தி எடுத்தனர். தாய்மார் எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்துத் தேற்றினர். வழியில் நிழல் கண்ட இடத்தில் நிறுத்திப் பசியாறினோம். இரவில் ஒரு கோயில் மண்டபத்தில் பாய் விரித்தோம். ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுவதே நம் முதல் வேலை.

நம் பிழை ஒன்றை இங்கே ஒளிக்காமல் கூற வேண்டும். ஒன்பது இடங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிற்கும் நேரமும் குறித்து வைத்திருந்தோம். முதல் நாள் காலை பத்துமலையின் 272 படிகளையும் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே ஏறினர். 140 அடி உயர முருகன் சிலையை அண்ணாந்து வியந்தனர். ஆனால் பிற்பகலில், 1963ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தேசிய அரும்பொருளகத்தினுள் நுழைந்தபோது அவர்தம் கால்கள் தளர்ந்துவிட்டன. இரண்டாவது காட்சிக்கூடத்தில் ஒரு சிறுவன் ஆசிரியை தோளிலேயே உறங்கிப்போனான். அவ்விடத்திலேயே தாளை மடித்துச் சட்டைப்பையில் இட்டோம். ஒன்பதில் நான்கே கண்டோம். அந்த நான்கையும் நன்றாகக் கண்டோம்.

இரட்டைக் கோபுரத்தின் அருகிலுள்ள பூங்காவில் பிள்ளைகளைப் புல்தரையில் படுக்கச் சொன்னோம். அப்போதுதான் உச்சி தெரிந்தது. "எத்தனை செம்பனை மரம் உசரம் ஐயா?" என்றான் ஒருவன். கோபுரம் 452 மீட்டர். மரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் மண்ணில் குச்சியால் கணக்கிட்டனர். 30 மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினாலும் இன்னும் இரண்டு மீட்டர் குறைந்தது!

மறுநாள் காலை மெர்டேக்கா சதுக்கம் சென்றோம். எதிரே 1897இல் கட்டி முடிக்கப்பெற்ற சுல்தான் அப்துல் சமாட் கட்டடம். நடுவே அகன்ற பச்சைத் திடல். பிள்ளைகள் ஓடி விளையாடுவர் என எண்ணினோம். அவர்களோ ஓரத்திலேயே ஒட்டி நின்றனர். குலை வெட்டுபவரின் மகள் நம் கையைப் பற்றி, "ஐயா, இங்கே நாம நிக்கலாமா? யாரும் ஏச மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

அக்கேள்வி நம்மை உலுக்கிற்று. நாமும் லயத்தில் பிறந்தவரே. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நேர்முகத் தேர்விற்காக முதன்முதலில் தலைநகர் வந்த நாளில், திறந்திருந்த வாயிலின் முன்னே உள்ளே போகலாமா என்று நெடுநேரம் தயங்கி நின்றோம். தயக்கம் நம்மோடு போயிற்று என்றே இத்தனை ஆண்டுகள் நம்பியிருந்தோம்.

பிள்ளைகளைத் திடலின் ஓரத்தில் அமர்த்தி எடுத்துரைத்தோம். 1957 ஆகஸ்ட் 30ஆம் நாள் நள்ளிரவில் இவ்விடத்தில்தான் ஆங்கிலேயர் கொடி இறங்கி நம் கொடி ஏறிற்று. மறுநாள் காலை மெர்டேக்கா அரங்கில் துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலையை அறிவித்தார். இந்நகரிலிருந்து கிள்ளான் பக்கம் 1886இல் ஓடத் தொடங்கிய இரயில் முதலாக, இந்நாட்டுத் தண்டவாளங்களில் தமிழர் வியர்வையும் சிந்தியது. உங்கள் பாட்டன் பாட்டிமார் வெட்டிய பால்மரத்தின் வருவாயும் இந்நாட்டை வளர்த்தது. "ஆகவே நிற்கலாம் அம்மா, ஓடவும் செய்யலாம்" என்றோம்.

அவள் தன் தந்தையைப் பார்த்தாள். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "தைப்பூசத்துக்கு எத்தனையோ தடவை வந்திருக்கேன் சார். பத்துமலையோட திரும்பிடுவோம். இங்க நான் நிக்கிறது இன்னிக்குத்தான்" என்றார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கொடிக்கம்பம்வரை நடந்தார். மற்றப் பிள்ளைகள் பின்னே ஓடினர்.

பெற்றோர்களே, பிள்ளை பெரியவனாகட்டும் என்று காத்திருக்க வேண்டா. அச்சம் வேரூன்றுமுன்னரே அழைத்துச் செல்லுங்கள். பல இடம் காட்ட வேண்டுமென்பதில்லை. சோறு கட்டிக்கொள்ளுங்கள், பிள்ளையின் நடைக்கு நடங்கள், உறக்கம் வந்தால் உறங்க விடுங்கள். ஓரிடத்திலாவது, "இதுவும் நம்முடையது" என்று அவன் கையைப் பிடித்துச் சொல்லுங்கள்.

மீதமுள்ள ஐந்து இடங்கள் அடுத்த பயணத்திற்குக் காத்திருக்கின்றன. அந்தத் தாள் இன்னும் நம் மேசையில் உள்ளது. இம்முறை அதில் நேரம் குறிக்கவில்லை.